குறுநேர உடற்பயிற்சி

குறுநேர உடற்பயிற்சி என்பது ஒரு நாளைக்குரிய உடலுழைப்பை நீண்ட ஒரே அமர்வாகச் செய்யாமல், சில நொடிகள் முதல் ஏறத்தாழ 10 நிமிடங்கள் வரை நீளும் சிறு பகுதிகளாகச் செய்யும் முறையாகும். மாடிப்படி ஏறுதல், விரைந்து நடத்தல், கயிறு தாண்டுதல், நிலைமிதிவண்டியை முழு வலுவுடன் மிதித்தல், நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து அமர்தல் முதலியன இதற்குப் பயன்படும் எளிய பயிற்சிகள் ஆகும்.

உடற்பயிற்சி செய்யாமைக்குப் பெரியவர்கள் பெரும்பாலும் கூறும் காரணம் நேரமின்மை ஆகும். எனவே, குறைந்த நேரத்தில் செய்யும் பயிற்சி உடல்நலத்தைப் பேணவும், உடற்கொழுப்பைக் குறைக்கவும் போதுமானதா என்னும் வினா உடற்பயிற்சி அறிவியலில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. இதய, நுரையீரல் தகுதியைப் பொறுத்தவரை குறுநேரப் பயிற்சியின் பயன் உறுதியாக நிறுவப்பட்டுள்ளது. உடலமைவில் அது ஏற்படுத்தும் மாற்றம் உண்மையானது எனினும் அளவில் சிறியது.

வகைகள்

குறுநேர உடற்பயிற்சி என்ற சொல் ஒன்றுக்கொன்று வேறான மூன்று முறைகளுக்குப் பொதுவாக வழங்குகிறது. இவற்றைப் பிரித்தறியாமல் ஒன்றின் ஆய்வு முடிவை மற்றொன்றுக்குப் பொருத்துவதால் குழப்பங்கள் நேர்கின்றன.

* பகுத்துச் செய்யும் மிதமான பயிற்சி: 30 அல்லது 40 நிமிட நடையை 10 நிமிடப் பகுதிகளாக்கி நாளின் வெவ்வேறு வேளைகளில் செய்தல். மொத்த நேரம் குறைவதில்லை.
* தீவிர இடைவெளிப் பயிற்சி: சில நொடிகள் முதல் சில நிமிடங்கள் வரை மிகுந்த வேகத்தில் இயங்கி, இடையிடையே ஓய்வெடுத்து, மீண்டும் இயங்குதல். இது ஒரே அமர்வில் நிகழும்.
* சிதறிய குறும்பயிற்சி: ஓரிரு நிமிடத் தீவிர உழைப்பைப் பல மணிநேர இடைவெளியில் நாள் முழுவதும் பரப்பிச் செய்தல். பேருந்தைப் பிடிக்க ஓடுதல், சுமையுடன் படியேறுதல் போன்று அன்றாட வாழ்வில் இயல்பாக நிகழும் உழைப்பும் இதில் அடங்கும்.

வரலாறு

இடைவெளிப் பயிற்சி முதலில் தடகள வீரர்களின் பயிற்சி முறையாகவே தோன்றியது. 1930களில் செருமனியின் பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ச்லர், மருத்துவர் எர்பெர்ட் ரைண்டெலுடன் இணைந்து, இதயத் துடிப்பை அளந்து ஓட்டத்தையும் ஓய்வையும் ஒழுங்குபடுத்தினார். அவரிடம் பயின்ற ருடோல்ஃப் ஆர்பிக் 1939ஆம் ஆண்டில் 800 மீட்டர் ஓட்டத்தை 1 நிமிடம் 46.6 நொடிகளில் கடந்து உலக சாதனை படைத்தார். செக்கோசுலோவாக்கியாவின் எமில் சாட்டோபெக் இம்முறையை மிகுதியாகப் பயன்படுத்தியவர். அவர் 1952ஆம் ஆண்டு எல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார்.

பொதுமக்களுக்கான குறுநேரப் பயிற்சிக்கும் நெடிய வரலாறு உண்டு. சப்பானில் 1928ஆம் ஆண்டில் வானொலி வழி உடற்பயிற்சி ஒலிபரப்பு தொடங்கியது. 1950களின் இறுதியில் கனடிய வான்படைக்காக பில் ஓர்பன் என்பவர் ஐந்து அடிப்படைப் பயிற்சிகள் கொண்ட திட்டம் ஒன்றை வகுத்தார். கருவி எதுவுமின்றி நாளொன்றுக்கு 11 நிமிடங்களில் முடியும் இத்திட்டம், தொலைதூர முகாம்களில் பணியாற்றிய வீரர்களுக்கும் ஏற்றதாக இருந்தது. பெண்களுக்கெனப் பத்துப் பயிற்சிகள் கொண்ட 12 நிமிடத் திட்டமும் வெளியிடப்பட்டது. இவை பின்னர் பல நாடுகளில் பொதுமக்களிடமும் பரவின.

1996ஆம் ஆண்டில் சப்பானிய ஆய்வாளர் இசுமி டபாட்டாவும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் அறியப்பட்டதாகும். 20 நொடி முழுவீச்சு உழைப்பு, 10 நொடி ஓய்வு என 7 முதல் 8 சுற்றுகள் செய்யும் இம்முறையை, சப்பானிய விரைவுப் பனிச்சறுக்கு அணியின் பயிற்சியாளர் இரிசாவா கோய்ச்சி ஏற்கெனவே தம் வீரர்களிடம் பயன்படுத்தி வந்தார். இன்று இது டபாட்டா முறை என்ற பெயரில் வழங்குகிறது.

உடலமைவும் அதன் அளவீடும்

உடலமைவு என்பது உடல் எடையில் கொழுப்பு, தசை, எலும்பு, நீர் ஆகியவற்றின் பங்கைக் குறிக்கும். எடைக்கருவி இவற்றின் கூட்டுத்தொகையை மட்டுமே காட்டும். ஒருவர் 2 கிலோகிராம் கொழுப்பை இழந்து 1 கிலோகிராம் தசையைப் பெற்றால், எடைக்கருவி 1 கிலோகிராம் குறைவையே காட்டும். உடலில் நிகழ்ந்த மாற்றம் அதைவிடப் பெரிது.

அளவீட்டு முறைகளில் முக்கியமானவை பின்வருமாறு:

* உடல் நிறை குறியெண்: கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறுவது. பெல்சிய அறிஞர் அடால்ஃப் கெட்லே 19ஆம் நூற்றாண்டில் கண்ட இத்தொடர்புக்கு, அமெரிக்க அறிவியலாளர் ஆன்சல் கீசு 1972ஆம் ஆண்டில் இன்றைய பெயரைச் சூட்டினார். கொழுப்பையும் தசையையும் இது வேறுபடுத்தாது.
* இடுப்புச் சுற்றளவு: வயிற்றுப் பகுதிக் கொழுப்பை மதிப்பிட உதவும் எளிய முறை. ஓர் அளவுநாடா போதுமானது.
* நீரடி எடை: ஆர்க்கிமிடீசு தத்துவத்தின்படி உடலின் அடர்த்தியைக் கண்டு, அதிலிருந்து கொழுப்பின் விழுக்காட்டைக் கணித்தல்.
* இரட்டை ஆற்றல் எக்சுகதிர் அளவீடு: கொழுப்பு, எலும்பு, பிற மென்திசு ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிடும் கருவி. ஆய்வுகளில் பெரிதும் பயன்படுகிறது.
* மின்தடை முறை: உடலில் சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி நீரின் அளவையும், அதன்வழிக் கொழுப்பையும் கணித்தல். வீட்டு எடைக்கருவிகளில் காணப்படும் இம்முறையில், குடித்த நீரின் அளவுக்கேற்ப முடிவு மாறக்கூடும்.

கொழுப்பு படியும் இடமும் முக்கியமானதாகும். தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பைவிட, குடல், கல்லீரல் முதலிய உள்ளுறுப்புகளைச் சூழ்ந்த கொழுப்பு நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றுடன் நெருங்கிய தொடர்புடையது.

உடலில் நிகழ்வன

முழுவீச்சில் உழைக்கும்போது, தசை முதல் சில நொடிகளுக்குத் தன்னுள் உள்ள கிரியேட்டின் பாசுபேட்டைப் பயன்படுத்துகிறது. அதைத் தொடர்ந்து தசையில் சேமிக்கப்பட்ட கிளைக்கோசன் என்னும் மாவுச்சத்து ஆக்சிசன் இன்றியே சிதைக்கப்படுகிறது. சுற்றுகள் தொடரும்போது ஆக்சிசனைப் பயன்படுத்தும் வழியின் பங்கு உயர்கிறது. எனவே, தீவிரப் பயிற்சி நிகழும் நேரத்தில் எரிவது பெரும்பாலும் மாவுச்சத்தே ஆகும். கொழுப்பு நேரடியாக மிகுதியாக எரிவதில்லை.

ஆயினும் நாள் முழுவதற்குமான ஆற்றல் கணக்கே கொழுப்பின் அளவைத் தீர்மானிக்கிறது. பயிற்சியின்போது எந்த எரிபொருள் செலவானது என்பது இரண்டாம் நிலையானது. செலவான கிளைக்கோசனை மீண்டும் நிரப்ப உணவின் மாவுச்சத்து செல்லும்போது, மற்ற நேரங்களில் உடல் கொழுப்பைக் கூடுதலாகப் பயன்படுத்துகிறது.

வாரக்கணக்கில் இப்பயிற்சியைத் தொடர்ந்தால், தசை உயிரணுக்களில் ஆற்றலை உருவாக்கும் இழைமணிகள் பெருகுகின்றன. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் குருதியின் அளவு உயர்கிறது. இன்சுலினுக்குத் தசை நன்கு இணங்குகிறது. இம்மாற்றங்கள் எடை குறையாத நிலையிலும் நிகழக்கூடியவை.

பயிற்சி முடிந்தபின்னும் சில மணிநேரம் ஆக்சிசன் நுகர்வு வழமையைவிடச் சற்று உயர்ந்தே இருக்கும். இதனால் பயிற்சிக்குப் பின் நாள் முழுதும் கொழுப்பு எரிந்துகொண்டே இருக்கும் எனப் பரவலாக விளம்பரம் செய்யப்படுகிறது. 2006ஆம் ஆண்டில் வெளியான ஒரு மீளாய்வின்படி, இவ்வாறு கூடும் செலவு பயிற்சிக்கான மொத்த ஆக்சிசன் செலவில் 6 முதல் 15 விழுக்காடு மட்டுமே.

இழக்கப்படும் கொழுப்பு வியர்வையாகவோ வெப்பமாகவோ மாறுவதில்லை. 10 கிலோகிராம் கொழுப்பு முழுவதும் சிதைவுற்றால், அதில் 8.4 கிலோகிராம் கரியமில வாயுவாக மூச்சின் வழியாகவும், 1.6 கிலோகிராம் நீராகவும் வெளியேறும். வியர்த்தபின் எடைக்கருவி காட்டும் குறைவு நீரிழப்பே ஆகும். நீர் அருந்தியவுடன் அது திரும்பிவிடும்.

ஆற்றல் கணக்கு: ஓர் எடுத்துக்காட்டு

70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஓய்வாக இருக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 70 கிலோகலோரி செலவிடுகிறார். மாடிப்படி ஏறுதல் போன்ற கடும் உழைப்பில் இது எட்டு மடங்காகிறது எனக் கொண்டால், 10 நிமிடங்களில் சுமார் 93 கிலோகலோரி செலவாகும். அந்த 10 நிமிடங்கள் சும்மா இருந்தாலும் செலவாகக்கூடிய 12 கிலோகலோரியைக் கழித்தால், பயிற்சியால் கூடுதலாகச் செலவானது சுமார் 80 கிலோகலோரி.

இதை நாள்தோறும் செய்தால் ஆண்டுக்கு 29,200 கிலோகலோரி ஆகிறது. ஒரு கிலோகிராம் கொழுப்புத் திசுவில் சுமார் 7,700 கிலோகலோரி ஆற்றல் உண்டு என்பதால், ஓராண்டில் 3.8 கிலோகிராம் குறைய வேண்டும் எனத் தோன்றும். ஆனால் உடல் எடை குறையக் குறைய அதன் ஆற்றல் தேவையும் குறைகிறது. 2011ஆம் ஆண்டில் கெவின் ஆலும் குழுவினரும் வெளியிட்ட கணித மாதிரியின்படி, நாளொன்றுக்கு 24 கிலோகலோரி அளவிலான நிலையான மாற்றம் இறுதியில் ஏறத்தாழ 1 கிலோகிராம் எடை மாற்றத்தையே தரும். அதில் பாதியை எட்ட ஓராண்டு ஆகும். உணவு உட்கொள்ளலுக்கு என வகுக்கப்பட்ட இவ்விதியை இங்கும் தோராயமாகப் பொருத்தினால், முதலாண்டில் ஏறத்தாழ 1.7 கிலோகிராமும், சில ஆண்டுகளில் மொத்தம் 3.3 கிலோகிராமும் குறையலாம்.

இக்கணக்கும் உணவில் மாற்றமில்லை என்ற எடுகோளைக் கொண்டது. எண்ணெயில் பொரித்த ஒரு வடை கூடுதலாக உண்டால் அன்றைய கணக்கு நேராகிவிடக்கூடும்.

ஆய்வு முடிவுகள்

பகுத்துச் செய்தல்

அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஜாகிசிக்கும் குழுவினரும் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், எடை மிகுந்த 148 பெண்கள் 18 மாதங்கள் பங்கேற்றனர். நீண்ட அமர்வாகப் பயிற்சி செய்த குழு சராசரியாக 5.8 கிலோகிராமும், 10 நிமிடப் பகுதிகளாகச் செய்த குழு 3.7 கிலோகிராமும் இழந்தன. பகுதிகளாகச் செய்ததுடன் வீட்டில் நடைப்பயிற்சிக் கருவியும் வழங்கப்பட்ட குழு 7.4 கிலோகிராம் இழந்தது. மூன்று குழுக்களுக்கும் உணவுக் கட்டுப்பாடும் இருந்தது. பகுத்துச் செய்வதால் மட்டும் எடை கூடுதலாகக் குறைந்துவிடவில்லை. பயிற்சிக்கான வசதி கையருகே இருந்தமையே நீண்டகாலம் தொடர உதவியது.

மேரி மர்ஃபியும் குழுவினரும் 2019ஆம் ஆண்டில் 19 ஆய்வுகளைத் தொகுத்து மீளாய்வு செய்தனர். மொத்த உழைப்பு சமமாக இருக்கும்போது தொடர்ச்சியாகச் செய்வதற்கும் பகுத்துச் செய்வதற்கும் பெரும்பாலான அளவீடுகளில் வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவாகும். உடல் எடையில் பகுத்துச் செய்தல் சற்று மேலாக இருக்கலாம் என்பதற்குச் சிறு சான்று கிடைத்தது.

தீவிர இடைவெளிப் பயிற்சி

டபாட்டா ஆய்வில் உடற்கல்வி பயிலும் இளம் ஆண்கள் ஆறு வாரங்கள், வாரத்துக்கு ஐந்து நாட்கள் பயிற்சி செய்தனர். நாள்தோறும் 60 நிமிடம் மிதமாகப் பயிற்சி செய்த குழுவில், உச்ச ஆக்சிசன் உள்ளெடுப்பு நிமிடத்துக்கு, ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு 5 மில்லிலிட்டர் உயர்ந்தது. இடைவெளிப் பயிற்சிக் குழுவில் அது 7 மில்லிலிட்டர் உயர்ந்ததுடன், ஆக்சிசன் இன்றி உழைக்கும் திறனும் 28 விழுக்காடு கூடியது. இவ்வாய்வு அளந்தது உழைப்புத் திறனையே. நான்கு நிமிடத்தில் கொழுப்பைக் கரைக்கும் முறை என இதனைக் காட்டும் விளம்பரங்களுக்கு இவ்வாய்வில் ஆதாரம் இல்லை.

கனடாவின் மெக்மாசுடர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலாவின் குழு 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், உடலுழைப்பற்ற ஆண்கள் 12 வாரங்கள் பயிற்சி செய்தனர். ஒரு குழு, 20 நொடி முழுவீச்சு மிதிப்பு மூன்று கொண்ட 10 நிமிட அமர்வைச் செய்தது. மற்றொரு குழு 45 நிமிடம் மிதமாக மிதித்தது. இரு குழுக்களிலும் உச்ச ஆக்சிசன் உள்ளெடுப்பு 19 விழுக்காடு உயர்ந்தது.

ஆத்திரேலியாவில் 2012ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், எடை மிகுந்த இளம் ஆண்கள் 8 நொடி வேகம், 12 நொடி மெதுவோட்டம் என மாறிமாறி 20 நிமிடங்கள், வாரம் மூன்று முறை மிதிவண்டி மிதித்தனர். 12 வாரங்களில் அவர்கள் ஏறத்தாழ 2 கிலோகிராம் கொழுப்பை இழந்தனர். உள்ளுறுப்புக் கொழுப்பு 17 விழுக்காடு குறைந்தது. கொழுப்பல்லாத எடை 1.2 கிலோகிராம் கூடியது.

மைக்கேல் வீவேஜும் குழுவினரும் 2017ஆம் ஆண்டில் செய்த தொகுப்பாய்வு, எடை மிகுந்தோரிடம் இடைவெளிப் பயிற்சியும் தொடர் பயிற்சியும் கொழுப்பையும் இடுப்புச் சுற்றளவையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கின்றன எனக் கண்டது. இடைவெளிப் பயிற்சிக்கு 40 விழுக்காடு குறைவான நேரம் போதுமானதாக இருந்தது.

சிதறிய குறும்பயிற்சி

2019ஆம் ஆண்டில் வெளியான ஒரு கனடிய ஆய்வில், உடலுழைப்பற்ற இளையோர் 60 படிகளை விரைந்து ஏறுவதை நாளுக்கு மூன்று முறை, இடையே 1 முதல் 4 மணிநேரம் விட்டு, வாரத்துக்கு மூன்று நாட்கள் செய்தனர். ஆறு வாரங்களில் அவர்களது உச்ச ஆக்சிசன் உள்ளெடுப்பு சுமார் 5 விழுக்காடு உயர்ந்தது. இது சிறிய உயர்வே. எனினும் இதற்குத் தனி உடையோ கருவியோ தேவைப்படவில்லை.

2022ஆம் ஆண்டில் இம்மானுவேல் ஸ்டமட்டாகிசும் குழுவினரும், ஓய்வுநேர உடற்பயிற்சி செய்வதில்லை எனக் கூறிய 25,241 பிரித்தானியர்களின் மணிக்கட்டு அசைவுப் பதிவுகளை ஆராய்ந்தனர். அன்றாட வேலைகளின் ஊடே ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடம் நீடிக்கும் தீவிர அசைவு நாளுக்கு மூன்று முறை நிகழ்ந்தவர்களிடம், அது அறவே இல்லாதவர்களைவிட, இறப்பு வீதம் 38 முதல் 40 விழுக்காடு குறைவாக இருந்தது. இது கண்காணிப்பு ஆய்வு ஆகும். இயல்பாகவே நலமுள்ளவர்களே விரைந்து இயங்குகின்றனர் என்பதும் இவ்வேறுபாட்டுக்கு ஒரு பகுதிக் காரணமாக இருக்கக்கூடும்.

தசையும் முதுமையும்

முப்பது வயதுக்குப்பின் தசையின் அளவு மெல்லக் குறைகிறது. அறுபது வயதுக்குப்பின் இக்குறைவு விரைவடைகிறது. எடை மாறாமல் இருப்பவரிடத்திலும் தசை குறைந்து கொழுப்பு கூடியிருக்கலாம். ஆகையால் பெரியவர்களின் உடலமைவைப் பேணுவதில் தசை வலுவூட்டும் பயிற்சிக்கு இடமுண்டு.

இங்கிலாந்தின் பாத் நகரில் முதியோரிடம் நடத்தப்பட்ட ஒரு சிறு ஆய்வில், நாற்காலியிலிருந்து எழுதல் உள்ளிட்ட ஐந்து பயிற்சிகள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என, நாளுக்கு இருமுறை 28 நாட்கள் வீட்டிலேயே செய்யப்பட்டன. ஒரு நிமிடத்தில் எழுந்து அமரும் எண்ணிக்கை 31 விழுக்காடு உயர்ந்தது.

தென்னாசியரும் உடலமைவும்

ஒரே உடல் நிறை குறியெண் உடைய ஐரோப்பியரைவிடத் தென்னாசியரின் உடலில் கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் காணப்படுகிறது. 2004ஆம் ஆண்டில் புனே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் பிரித்தானிய மருத்துவர் ஜான் யுட்கினும் தம்மையே எடுத்துக்காட்டாகக் காட்டினர். இருவரின் குறியெண்ணும் 22.3. யாக்னிக்கின் கொழுப்பு 21.2 விழுக்காடு, யுட்கினின் கொழுப்பு 9.1 விழுக்காடு. இது ஒய்-ஒய் முரண் என அழைக்கப்படுகிறது.

ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகிய குறியெண்களைக் கூடுதல் எச்சரிக்கைப் புள்ளிகளாகக் கொள்ளலாம் என உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு 2004ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் வரம்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எனக் கொள்ளப்படுகிறது.

தமிழ்நாடு, மகாராட்டிரம், சார்க்கண்டு, சண்டிகர் ஆகிய பகுதிகளில் நடத்தப்பட்டு 2014ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில், 54.4 விழுக்காட்டினர் போதிய உடலுழைப்பு அற்றவர்களாக இருந்தனர். ஓய்வுநேரத்தில் உடற்பயிற்சி செய்தோர் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. இத்தகைய நிலையில், உடற்பயிற்சிக் கூடத்தையும் தனி நேரத்தையும் வேண்டாத முறைகள் சிறப்பிடம் பெறுகின்றன.

பரிந்துரைகள்

அமெரிக்க அரசின் 2008ஆம் ஆண்டு வழிகாட்டியும், உலக சுகாதார அமைப்பின் 2010ஆம் ஆண்டு பரிந்துரையும், தொடர்ச்சியாக 10 நிமிடமாவது நீடிக்கும் உழைப்பையே கணக்கில் கொண்டன. 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவும், 2020ஆம் ஆண்டில் உலக சுகாதார அமைப்பும் இந்த 10 நிமிட வரம்பை நீக்கின. 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்பையோ, 75 முதல் 150 நிமிடங்கள் தீவிர உழைப்பையோ மேற்கொள்ள வேண்டும். வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசை வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும்.

தவறான கருத்துகள்

* வயிற்றுப் பயிற்சி வயிற்றுக் கொழுப்பை மட்டும் குறைக்கும்: பயிற்சி பெறும் தசைக்கு அருகிலுள்ள கொழுப்பு தனியே கரைவதில்லை. கொழுப்பு உடல் முழுவதிலிருந்தும் எடுக்கப்படுகிறது.
* எடை குறையவில்லையெனில் பயிற்சி வீண்: இதயத் தகுதி, குருதி அழுத்தம், இன்சுலின் இணக்கம் ஆகியவை எடை மாறாமலேயே மேம்படக்கூடும்.
* குறுநேரப் பயிற்சி உணவுக் கட்டுப்பாட்டுக்கு மாற்று: மேலே காட்டிய ஆற்றல் கணக்கின்படி இது பொருந்தாது.

பாதுகாப்பு

தீவிர உழைப்பு பழக்கமில்லாதவர்களுக்கு இடர் தரக்கூடியது. 1993ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, கடும் உழைப்பை அடுத்த ஒரு மணிநேரத்தில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு, வாரத்தில் ஒருமுறைகூடக் கடும் உழைப்பில் ஈடுபடாதவர்களிடம் 107 மடங்காக உயர்ந்தது. வாரத்தில் ஐந்து முறைக்குக் குறையாமல் உழைப்பவர்களிடம் இது 2.4 மடங்கு மட்டுமே. அந்த ஒரு மணிநேரத்துக்குரிய அடிப்படை வாய்ப்பு மிகச் சிறியது என்பதால், 107 மடங்கும் தனி மனிதருக்கு அரிய நிகழ்வே. ஆயினும், பல ஆண்டுகள் உழைப்பின்றி இருந்துவிட்டு முதல் நாளிலேயே முழுவீச்சில் இறங்குதல் கூடாது என்பதை இது உணர்த்துகிறது.

நார்வேயில் இதயக் குருதிக்குழாய் நோயாளிகள் 4,846 பேரின் 1,75,820 பயிற்சி மணிநேரங்களை ஆராய்ந்த 2012ஆம் ஆண்டு ஆய்வில், மூன்று இதய நிறுத்தங்கள் பதிவாயின. மிதமான பயிற்சியில் நேர்ந்த ஒன்று உயிரிழப்பில் முடிந்தது. தீவிர இடைவெளிப் பயிற்சியில் நேர்ந்த இரண்டிலும் நோயாளிகள் பிழைத்தனர். இப்பயிற்சிகள் கண்காணிப்பில் நடந்தவை என்பது கருதத்தக்கது.

எனவே தொடங்குவோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நன்று:

* சில வாரங்கள் மிதமான நடையில் தொடங்கி, படிப்படியாக வேகத்தைக் கூட்டுதல்.
* தீவிரப் பயிற்சிக்கு முன் சில நிமிடங்கள் மெதுவாக இயங்கி உடலைச் சூடேற்றுதல்.
* இதயநோய், நீரிழிவு, உயர் குருதி அழுத்தம் உடையோரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கலந்தபின் தொடங்குதல்.
* நெஞ்சுவலி, மயக்கம், வழமைக்கு மாறான மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி பெறுதல்.

இவற்றையும் பார்க்க

* உடற்பயிற்சி
* உடற் பருமன்
* உடல் நிறை குறியெண்
* வளர்சிதைமாற்றம்
* நீரிழிவு நோய்